போர்வைக்குள் ஒரு பிறீசர்

புஸ்பமக்கா அழுதுகொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் மீன் வைக்கும் குளிர்ப்பெட்டி, பிறீசர், உறுமிக்கொண்டிருந்தது.

அந்தப் பிறீசர் எங்கள் கண்ணில் படக் கூடாது. அதற்காகவே அதன்மேல் பூப்போட்ட கட்டில் விரிப்பொன்றை நிலம்வரை தொங்கவிட்டு மூடி, மேலே இரண்டு தலையணைகளையும் ஒரு பிள்ளையார் படத்தையும் வைத்திருந்தார். வாசலில் நின்று பார்த்தால் கொஞ்சம் உயரமான கட்டில் போலத்தான் இருந்தது. ஆனால் கட்டில் உறுமாதே. இடையிடையே அது உடம்பை ஒரு தரம் உதறிக்கொள்ளும்போது பிள்ளையாரும் சேர்ந்து நடுங்கினார்.

"என்னட்டை ஒண்டும் இல்லைப் பிள்ளை. தொழிலும் போச்சு. வள்ளமும் போச்சு. பிள்ளையளும் பாக்கினமில்லை. ஏனெண்டு கேக்க ஒருத்தரும் இல்லை. நான் தனிச்சுப் போனன்."

சொல்லி முடிக்கையில்தான் அழுகை வந்தது. கதிரைக் கையில் என் போன் எல்லாவற்றையும் பதிவு செய்துகொண்டிருந்தது. பக்கத்தில் என்னோடு படிக்கும் தினூஷா இருந்தாள். குருநாகல் பக்கத்துப் பிள்ளை. அவளுக்குத் தமிழ் தெரியாது, எனக்குச் சிங்களம் தெரியாது. எங்கள் இருவருக்கும் நடுவில் ஓர் அரைகுறை ஆங்கிலம் இருந்தது.

"என்ன சொல்கிறார்?" என்று கேட்டாள். சொன்னேன். அவ்வளவுதான், அவளும் அழத் தொடங்கிவிட்டாள்.

இரண்டு பேரும் அழ, நான் மட்டும் தலையைக் குனிந்தபடி சிரிப்பை விழுங்கிக்கொண்டிருந்தேன். கொக்கிளாய்க் களப்புத் தண்ணீர் மேலால் வந்த காற்று விரிப்பின் ஓரத்தைத் தூக்கித் தூக்கிக் காட்டியது.

மிஞ்சிப் போன இரண்டு பேர்

நாங்கள் ஏன் அங்கே போனோம் என்று சொல்ல வேண்டும்.

வவுனியாவில் வணிக முகாமைத்துவம் படித்துக்கொண்டிருந்த காலம் அது. மூன்றாம் வருடத்தில் ஆய்வு முறையியல் என்றொரு பாடம் வந்தது. பெயரைக் கேட்டுப் பயந்துபோனேன். உள்ளே போய்ப் பார்த்தால், ஆட்களிடம் எப்படிக் கேள்வி கேட்பது, அவர்கள் சொல்வதை எவ்வளவு தூரம் நம்புவது என்பதுதான் விசயம். அதை ஊரில் எல்லோரும் சும்மாவே செய்கிறார்கள். இங்கே ஆங்கிலத்தில் செய்ய வேண்டும்.

இருவர் இருவராகச் சேர்ந்து, ஒரேயொரு சிறுதொழிலை எடுத்து ஆழமாக ஆராய வேண்டும் என்றார் சேர். மணி அடிப்பதற்குள் வகுப்பில் எல்லோரும் சோடி சேர்ந்துவிட்டார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளைகளுக்கு ரியூசன் காலத்துக் கூட்டு. சிங்களப் பிள்ளைகளுக்கு விடுதிக் கூட்டு. என் பாடசாலையில் இருந்து அந்த வகுப்புக்கு வந்தவள் நான் ஒருத்திதான். தினூஷா அன்றைக்குப் பிந்தி வந்தாள். மிஞ்சியது நாங்கள் இருவரும்.

இந்தப் பாடத்தில் தவறினால் அடுத்த வருடம் கனிட்ட மாணவர்களோடு இருந்து திரும்பச் செய்ய வேண்டும். மற்றவர்களுக்கு அது வெட்கம். எனக்கு அது இன்னொரு வருடம் அந்த அறையில் என்று அர்த்தம்.

அது நான் வாடகைக்கு இருந்த அறை. வைரவபுளியங்குளத்தில், ஒரு வீட்டின் பக்கவாட்டில், தனிக் கதவோடு. சன்னலைத் திறந்தால் அடுத்த வீட்டு மதில். வீட்டுக்கார அன்ரி நல்லவர். ஆனால் தண்ணி மோட்டரைப் பற்றித் தவிர என்னோடு வேறொன்றும் கதைத்ததில்லை. வெள்ளிக்கிழமை வகுப்பு முடிந்து வந்தால் திங்கட்கிழமை வரை வாய் திறக்க வேலையே இராது. சில நேரம் என் குரல் இன்னும் இருக்கிறதா என்று பார்க்க இருமிப் பார்த்திருக்கிறேன். சிரிக்காதீர்கள்.

பின்னேரங்களில் பஸ் நிலையத்துக்கு நடப்பேன். முல்லைத்தீவு பஸ் நிற்கும் இடத்தில் கொஞ்ச நேரம் நிற்பேன். எங்கேயும் போவதற்கில்லை. "ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவு" என்று நடத்துனர் கூவுவதைக் கேட்கத்தான். அதில் நடுவில் இருப்பது என் ஊர்.

"ஏறுறீங்களோ தங்கச்சி?"

"இல்லையண்ணை. ஒராள் வாறார், பாத்துக்கொண்டு நிக்கிறன்."

யாரும் வரமாட்டார்கள். பஸ் போனதும் திரும்பி நடப்பேன். அம்மா போனில் கேட்டால், கூட்டாளிகள் நிறைய என்றும் நேரமே போதவில்லை என்றும் சொல்வேன்.

பதியிற ஆக்கள்

புஸ்பமக்கா சொன்ன பதில்கள் எனக்குப் புதியவை அல்ல. சின்ன வயதில் இருந்து கேட்டு வளர்ந்தவை.

போர் முடிந்து, முகாமில் இருந்து முள்ளியவளைக்குத் திரும்பிய காலத்தில், கிழமைக்கு ஒருவராவது எங்கள் ஒழுங்கைச் சந்துக்குள் வந்து, உதவி கொடுக்க என்று எதையாவது பதிந்துகொண்டு போவார். தொப்பி போட்டவர்கள், வாகனத்தில் வந்தவர்கள், மோட்டார் சைக்கிளில் வந்தவர்கள். வீடு உண்டா, கிணறு உண்டா, மலசலகூடம் உண்டா, கோழி எத்தனை. "பதியிற ஆக்கள் வருகினம்" என்ற செய்தி வாகனத்துக்கு முன்னால் ஓடிவரும். உடனே ஒழுங்கை முழுக்க ஏழையாகும்.

எங்கள் வீட்டில் முதலில் ஒளிவது அப்பாவின் சைக்கிள். அதைப் பின் வேலியால் செல்வம் மாமா வீட்டுக்குத் தள்ளிவிடுவோம். அவர்கள் வீட்டைப் பதிய வரும்போது அவர்களுடைய சைக்கிள் எங்கள் வீட்டுக்கு வரும். நல்ல ஏற்பாடு. ஒரு நாள் இரண்டு குழுக்கள் ஒரே நேரத்தில் ஒழுங்கையின் இரண்டு பக்கமும் இறங்கிவிட்டன. எங்கள் சைக்கிளை அவர்கள் பேரிலும் அவர்கள் சைக்கிளை எங்கள் பேரிலும் பதிந்துவிட்டுப் போனார்கள். அம்மா ஒரு கிழமை செல்வம் மாமா வீட்டோடு கதைக்கவில்லை.

அதையெல்லாம் பொய் என்று யாரும் நினைத்ததில்லை. உள்ளதை உள்ளபடி சொன்ன வீட்டுக்கு ஒன்றும் வராது என்பது எல்லோரும் பட்டு அறிந்தது. பதிலுக்கு ஒரு மெட்டுக்கூட இருந்தது. கடைசி வரி எப்போதும் ஒன்றுதான். "ஏனெண்டு கேக்க ஒருத்தரும் இல்லை." அப்பா பின்வளவில் நின்று விறகு கொத்தும் சத்தம் டொக்கு டொக்கென்று கேட்கக் கேட்க அம்மா அதைச் சொல்லுவா. பதிகிறவரும் எழுதுவார்.

கொக்கிளாயிலும் அதுதான் நடந்தது. கருவாட்டுத் தொழில் செய்பவர் என்று கேள்விப்பட்டு, போகும் முன்பே புஸ்பமக்காவுக்குப் போன் எடுத்துச் சொல்லியிருந்தேன்.

"இது உதவித்திட்டம் இல்லையக்கா. எங்கட படிப்புக்கு."

"ஓமோம், விளங்குது, வாங்கோ" என்றவர், போனை வைத்ததும் கட்டில் விரிப்பை எடுத்திருக்கிறார்.

காதுக்குள் ஒரு ஆள்

பதிவு செய்ததைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும். இருமல், பெருமூச்சு, கதை நின்ற இடம் எல்லாம் எழுத வேண்டும் என்பது சேரின் கண்டிப்பு. தினூஷாவால் முடியாது. அதனால் அது முழுதும் என் தலையில்.

இயர்போனைக் காதில் செருகிக்கொண்டு சன்னலோரம் இருப்பேன். கொக்கிளாய் முழுதும் காதுக்குள் வரும். காகம். மீன் ஏற்றும் மோட்டார் சைக்கிளின் கோன் சத்தம். விரிப்புக்குள் பிறீசரின் உறுமல். "தேத்தண்ணியைக் குடி பிள்ளை, ஆறப்போகுது" என்று புஸ்பமக்கா ஓரிடத்தில் சொல்வார். அந்த இடம் வரும்போதெல்லாம் வவுனியாவில் என் கை தானாகவே கோப்பையைத் தேடிப் போகும்.

எழுதி முடித்த பிறகும் அதைப் போட்டுக் கேட்டேன். சமைக்கும்போது கேட்டேன். உடுப்பு மடிக்கும்போது கேட்டேன். அந்த நாட்களில் என்னோடு அதிகம் கதைத்த மனிசி அவர்தான், அவருக்கு அது தெரியாது. எனக்கு அவரை மிகவும் பிடித்துப்போயிற்று. அவருடைய பொய்களையும் பிடித்துப்போயிற்று.

பிடித்தது வேறு, ஆய்வு வேறு. சொன்னதையும் கண்ணால் கண்டதையும் ஒப்பிட்டுப் பார் என்று படிப்பித்திருந்தார்கள். ஒப்பிட்டேன். தொழில் போச்சு என்றார். பிறீசர் இருக்கிறது, மேசைக்கடியில் பொலித்தீன் பை ஒட்டும் மிசின் இருக்கிறது, வீடு முழுக்க நெத்தலி மணக்கிறது. ஒருத்தரும் இல்லை என்றார். சுவரில் மகன் பிரான்சில் பனிக்குள் நிற்கிறான், மகள் கனடாவில் மாலையோடு நிற்கிறாள், பேரப்பிள்ளைகள் வரிசையாகப் பல்லைக் காட்டுகிறார்கள். ஐயத்துக்குரிய வரிகளின் கீழே பென்சிலால் கோடு போட்டேன். "நான் தனிச்சுப் போனன்" என்பதற்கு அதுகூடப் போடவில்லை. சிவப்பால் நேராகவே வெட்டிவிட்டேன். அது எங்கள் அம்மாவின் மெட்டு, எனக்குத் தெரியாததா?

தினூஷா அதைப் பார்த்தாள். என்ன வெட்டினாய் என்று கேட்டாள். சொன்னேன்.

"ஆனால் அவர் அழுதாரே."

"அது அப்படித்தான். எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள்."

"உனக்கு எப்படித் தெரியும்?"

செல்வம் மாமாவின் சைக்கிள், அப்பாவின் விறகு, எல்லாம் வாய்வரை வந்தன. ஒன்றுக்கும் என்னிடம் ஆங்கிலம் இருக்கவில்லை. "எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொன்னேன். தான் அழுததை நான் கேலி செய்கிறேன் என்று அவள் நினைத்திருக்க வேண்டும். அதற்குப் பிறகு கன்ரீனில் என் மேசைக்கு அவள் வரவில்லை. புத்தாண்டு லீவுக்கு ஊருக்குப் போனவள் போகிறேன் என்றுகூடச் சொல்லவில்லை.

இருந்த ஒரு ஆளையும் துலைத்துவிட்டேன் என்று அன்றைக்கு விளங்கியது. விளங்கி என்ன.

சேர் தாளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"இதை ஏன் வெட்டினீர்?"

"அது உண்மையில்லை சேர். நான் அந்தப் பக்கத்து ஆள். எனக்குத் தெரியும்."

"உமக்குத் தெரியும் எண்டதை நான் எப்பிடி ஏற்கிறது? எழுதினதைக் கொண்டுபோய் அவாவுக்கே வாசிச்சுக் காட்டும். எது சரி, எது பிழையெண்டு அவா சொல்லட்டும். அவா ஓம் எண்டால்தான் இதுக்குப் புள்ளி. இல்லாட்டி அடுத்த வருசம் திரும்பச் செய்யும்."

திரும்பிப் போனேன்

தனியாகத்தான் போனேன். முல்லைத்தீவில் பஸ் மாறி, அளம்பில், செம்மலை, நாயாறு என்று கடலை விட்டும் தொட்டும் போகும் அந்தப் பாதை முழுக்க ஒரே பயம். நான் வெட்டியதற்கு அவர் ஓம் சொல்வாரா? கோபத்தில், பேரையே எடு, எனக்கு உங்கள் ஆராய்ச்சியே வேண்டாம் என்றுவிட்டால்? மதிலைப் பார்த்த அந்தச் சன்னல் கண்ணுக்குள் நின்றது.

போன் எடுத்துச் சொல்லாமல் போயிருந்தேன். சொல்லியிருந்தால் விரிப்பு வந்திருக்கும்.

வாசலில் நின்று பார்த்தேன். பிறீசர் வெள்ளை வெளேரென்று மூடி திறந்தபடி நின்றது. இரண்டு பெண்கள் நிலத்தில் குந்தியிருந்து நெத்தலிக் கருவாட்டைப் பைகளில் அடைக்க, புஸ்பமக்கா மிசினில் வைத்து வாயை ஒட்டிக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அவர் முதலில் பிறீசரைப் பார்த்தார். பிறகு வெளியே கொடியைப் பார்த்தார். பூப்போட்ட விரிப்பு அங்கே காய்ந்துகொண்டிருந்தது.

"என்ன பிள்ளை திரும்பி வந்திருக்கிறாய்? பதிஞ்சுகொண்டு போனவை ஒருத்தரும் திரும்பி வாறேல்லையே."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் கொஞ்ச நேரம் முகத்தை இறுக்கி வைத்துப் பார்த்தார், முடியவில்லை.

"சரி, கண்டிட்டாய். வா, வந்து இரு."

மற்ற இரண்டு பெண்களும் சாப்பிடப் போனார்கள். உதவி, கடன், மானியம் ஒன்றும் இதில் இல்லை, நான் சோதனை பாஸ் பண்ணுவதற்குத்தான் எல்லாம் என்று இன்னொரு தரம் விளங்கப்படுத்தினேன். இந்தத் தடவை உண்மையாகவே விளங்கிவிட்டது.

"அப்ப நான் சும்மாவோ அழுதனான்?"

"ஓமக்கா."

"அந்தச் சிங்களப் பிள்ளையும் அழுதிச்சுது, பாவம்."

போனைப் பதிவில் போட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினேன். தான் சொன்னதைத் தானே கேட்பது அவருக்கு நல்ல வேடிக்கையாக இருந்தது. "தொழில் போச்சு" என்றதும் கையை வீசினார்.

"வெட்டு. வவுனியாக் கடையளுக்கு ஆர் நெத்தலி அனுப்புறது? நான்தான்."

"வள்ளம் போச்சு."

"அது தம்பியட்டைக் குடுத்தது. வெட்டு."

"பிள்ளையளும் பாக்கினமில்லை."

"ஐயோ, வெட்டு வெட்டு! மோன் கேட்டானெண்டால் நான் துலைஞ்சன். இந்தப் பிறீசரே அவன் வாங்கித் தந்தது."

எனக்கு நெஞ்சு இலேசானது. நான் கோடு போட்ட இடங்களையெல்லாம் அவரும் வெட்டிக்கொண்டே வந்தார். ஒருத்தரும் இல்லை என்பதையும் வெட்டச் சொன்னார், அப்படி எழுதினால் தம்பி கோவிப்பான் என்று. சேரின் முகத்தை நினைத்துக்கொண்டு அடுத்த தாளைப் புரட்டினேன்.

"பொறு" என்றார். "அதுக்குப் பிறகு ஒண்டு சொன்னனான் எல்லே?"

"எதக்கா?"

"தனிச்சுப் போனன் எண்டு."

"அதை நான் முதலே வெட்டிட்டன் அக்கா."

"ஏன்?"

சுவரைப் பார்த்தேன். அவரும் பார்த்தார். பனியும் மாலையும் பற்களும் அங்கே அப்படியே இருந்தன.

"அதுகள் ஒவ்வொரு நாளும் எடுக்குங்கள். பேரன் போனுக்குள்ளாலை கொஞ்சுவான். நானும் கொஞ்சுவன். நான் ஒரு குறையும் சொல்லேலாது. கதைச்சு முடிய போனை மேசையிலை வைப்பன். வைச்சாப் பிறகு இந்த வீட்டிலை ஒரு சத்தமும் இல்லை மோனை, இந்தப் பிறீசரைத் தவிர. சில நாளிலை அதோடையும் கதைக்கிறனான்."

புரட்டிய தாளைத் திரும்பப் பின்னுக்குப் புரட்டினேன்.

"மற்றதெல்லாம் பதிவெண்டு நினைச்சுச் சொன்னது. அது சும்மா வாயிலை வந்திட்டுது. நான் அழுததும் அதுக்குத்தான். மற்றதுகளைச் சொல்லேக்கை அழேல்லை. உன்ரை போனிலை இருக்கும், போட்டுப் பார்."

போடத் தேவையிருக்கவில்லை. எத்தனை தரம் கேட்ட குரல் அது. தொழில் போச்சு என்ற இடத்தில் குரல் நேராக இருக்கும். வள்ளத்திலும் நேராக இருக்கும். அந்தக் கடைசி வரியில்தான் அது அடைத்துக்கொள்ளும். 'அழுகை' என்று அடைப்புக்குறிக்குள் நானே தட்டச்சு செய்திருந்தேன், சரியான இடத்தில். தட்டச்சு செய்துவிட்டு, எனக்குத் தெரியும் என்று வரியை வெட்டியிருந்தேன். ஒன்றும் தெரியாத தினூஷாவுக்கு அது தெரிந்திருந்தது.

வெட்டிய கோட்டுக்கு மேலே, நீலப் பேனையால், அந்த வரியைத் திரும்ப எழுதினேன். எழுதியதை வாசித்துக் காட்டினேன்.

"ஓம்" என்றார். "அதை விடு. அது சரி."

ஒரு பக்கம் முழுக்க வெட்டுப்பட்டு ஒரேயொரு வரி மிஞ்சிய அந்தத் தாளுக்கே பிறகு புள்ளி கிடைத்தது. தினூஷாவுக்கு அன்றே ஒரு மெசேஜ் அனுப்பினேன், நீ சொன்னதுதான் சரி என்று. லீவு முடிந்து வந்தவள் ஊர்ப் பலகாரத்தோடு என் மேசையில் வந்திருந்தாள். பெரிய சிநேகிதம் என்று சொல்லமாட்டேன், ஆனால் வந்திருந்தாள்.

ஆனால் அந்த மத்தியானம் அதோடு முடியவில்லை. தாள்களை அடுக்கிப் பைக்குள் வைக்கப் போனேன். புஸ்பமக்கா பிறீசரின் மூடியைச் சாத்திவிட்டு வந்து எனக்கு எதிரே இருந்தார்.

"நீ கேட்டிட்டாய். இனி நான் கேக்கிறன். அங்கை ஆரோடை இருக்கிறாய்?"

அம்மாவுக்குச் சொல்லும் கூட்டாளிக் கதை நாக்கு நுனிவரை வந்தது. அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கதிரைக் கையில் போன் இன்னும் பதிவு செய்துகொண்டிருந்தது. அதை எடுத்து நிறுத்தினேன்.

பிறகு சொன்னேன். எங்கே தொடங்கினேன் என்பது இப்போது ஞாபகமில்லை. அவர் நெத்தலியில் கை வைக்கவே இல்லை. நான் கதைத்து முடித்தபோது, நான் திரும்ப வேண்டிய பின்னேர பஸ் போய்விட்டிருந்தது.